காசியை அறுபது வயதுக்குத் தள்ளி வைக்கலாமா?

கேள்வி:

மேடம், எனக்கு 23 வயது. ஊர் குடியாத்தம். பி.காம் முடித்துவிட்டு இரண்டரை வருடமாக ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன். சம்பளம் 21,000. வீட்டுக்கு மாதம் 10,000 கொடுத்துவிடுவேன். கையில் 1,20,000 சேர்ந்திருக்கிறது. சென்னையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் வேறு வேலை கிடைத்து, மார்ச் முதல் வாரம் சேரச் சொல்லியிருக்கிறார்கள். பிப்ரவரியில் மூன்று வாரம் சும்மா இருப்பேன். கூடப் படித்த தோழியோடு காசி, ஆக்ரா, டெல்லி, அமிர்தசரஸ் போய் வர ஆசை. தலைக்கு 35,000 ஆகும் என்று எழுதி வைத்திருக்கிறோம். அப்பா, "சம்பாதிக்கிற வயசுல சம்பாதி, காசியெல்லாம் வேலை முடிஞ்சப்புறம் போற எடம்" என்கிறார். அம்மா, "கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரரோட போய்க்கோ, இப்ப அந்தக் காசை நகையில போடு" என்கிறார். வீட்டில் கடன் எதுவும் இல்லை. தம்பி இன்ஜினியரிங் கடைசி வருடம். நான் நினைப்பது பொறுப்பில்லாத செலவா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, குடியாத்தம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

போய் வாருங்கள். வேலூரில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க "செலவைக் குறையுங்கள், சேர்த்து வையுங்கள்" என்று சொல்கிற தொழில் என்னுடையது. அதே வாயால்தான் இதையும் சொல்கிறேன். வீட்டில் கடன் இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு மிச்சம் பிடித்த பணம். அடுத்த வேலைக்கான உத்தரவு கையில் இருக்கிறது. போய் வந்த பிறகும் 85,000 மீதி நிற்கும். இதைப் பொறுப்பில்லாத செலவு என்று எந்த நோட்டிலும் எழுத முடியாது.

ஆனால் நான் "போங்கள்" என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அப்பாவிடம் பேசக் காரணம் வேண்டும். அவர் சொல்வதும் வெறும் பிடிவாதம் இல்லை, அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

35,000 ரூபாயைச் செலவழிக்காமல், வருடத்துக்கு 8 சதவீதம் வளர்கிற ஏதோ ஒன்றில் போட்டு 35 வருடம் தொடாமல் விட்டால், உங்கள் 58 வயதில் அது 5,17,000 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும். கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். "மூணு வாரம் ஊர் சுத்த அஞ்சு லட்சமா" என்று அப்பா கேட்டால் தப்பில்லை. ஆனால் அந்த 35 வருடமும் விலைவாசி சும்மா இருக்காது. வருடத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், அன்றைய 5,17,000-க்கு இன்றைய மதிப்பு ஏறத்தாழ 67,000 ரூபாய். அவ்வளவுதான். அதாவது 35 வருடக் காத்திருப்புக்குக் கிடைக்கிற லாபம், இன்றைய காசில் 32,000 ரூபாய்.

சரி, அந்த 67,000-த்தை வைத்துக்கொண்டு 58 வயதில் இதே நான்கு ஊருக்குக் கிளம்புகிறீர்கள். அன்றைக்கு ஸ்லீப்பரில் மேல் பெர்த்தில் ஏறிப் படுக்க முடியாது. ஏசி பெட்டியில் கீழ் பெர்த் வேண்டும், இல்லாவிட்டால் விமானம். டார்மிட்டரியில் தூங்க முடியாது, லிப்ட் இருக்கிற ஹோட்டல் வேண்டும். ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார முடியாது, தனிக் கார் வேண்டும். மூன்று வேளையும் கிடைத்ததைச் சாப்பிட முடியாது. இவை எல்லாவற்றுக்கும் காசு. ஓய்வு பெற்றவர்களின் வரவு செலவை எழுதிப் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், 67,000 அந்த வயதின் பயணத்துக்கு இழுத்துப் பிடித்தால்தான் போதும். இன்று நீங்கள் 35,000-க்குப் பார்க்கப் போகிற ஊர்களை, பாதியளவு கூட நடக்காமல், அன்று இரண்டு மடங்கு கொடுத்துப் பார்ப்பீர்கள். காத்திருப்பதில் காசு ரீதியாகவே லாபம் இல்லை.

வயதானால் ரயிலில் பாதிக் கட்டணம்தானே என்று அப்பா நினைக்கலாம். பல பேர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்களுக்கு 60 வயதிலிருந்து 40 சதவீதம், பெண்களுக்கு 58 வயதிலிருந்து 50 சதவீதம் என்று இருந்த அந்தச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். இன்னும் 35 வருடம் கழித்து என்ன சலுகை இருக்கும் என்று நம்பி ஒரு ஆசையைத் தள்ளி வைக்கக் கூடாது.

என்னிடம் வருகிற ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். சத்துவாச்சாரியில் வீடு. இருவருமே ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். காசிக்குப் போக வேண்டும் என்பது அந்த அம்மாவுக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே ஆசை. முதலில் வீட்டுக் கடன், அப்புறம் மகன் படிப்பு, அப்புறம் மகள் கல்யாணம், அப்புறம் படுக்கையில் விழுந்த மாமியார். பணிக்கொடைப் பணம் வந்ததும் நல்ல டூர் கம்பெனியாகப் பார்த்துப் போனார்கள். காசுக்குக் குறைவே இல்லை. வந்ததும் என் மேசையில் ஃபோனை வைத்துப் படம் காட்டினார்கள். கங்கை ஆரத்திப் படம் எல்லாமே உயரத்திலிருந்து எடுத்தது. தசாசுவமேத படித்துறையின் மேல்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்த அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். "எறங்குனா திரும்ப ஏற முடியாதுன்னு பயம் மேடம். இவரு மட்டும் கீழ போயி ஒரு பாட்டில்ல தண்ணி மொண்டுக்கினு வந்தாரு. அதைத்தான் தலையில தெளிச்சிக்கினேன்" என்றார். படத்தில் அவர் மடியில் மாத்திரைப் பெட்டி இருந்தது. காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த பெட்டி. கங்கையைவிட அதுதான் என் கண்ணில் முதலில் பட்டது.

அவர் குறையாக இதைச் சொல்லவில்லை. போய் வந்ததே அவருக்கு நிறைவு. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சம்பாதித்தது, சேர்த்தது, காத்திருந்தது எல்லாம் சரியாகச் செய்தவர். 40 படி குறுக்கே நின்றுவிட்டது. சில இடங்களில் விதிமுறையே குறுக்கே வரும். அமர்நாத் யாத்திரைக்கு 70 வயதைத் தாண்டியவர்களுக்கு அனுமதி கிடையாது, அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும் மருத்துவச் சான்று கட்டாயம். கேதார்நாத் 3,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஏற்றம். ஆசையும் பணமும் இருந்தால் மட்டும் போய்விட முடிகிற ஊர்கள் இல்லை இவை.

இனி அம்மா சொல்வது. கல்யாணத்துக்கு அப்புறம் போவதை நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். போங்கள், அது வேறு சந்தோஷம். ஆனால் அதை நம்பி இதை விடாதீர்கள். கல்யாணமான முதல் வருடம் விருந்துக்கும் சீர்வரிசைக்கும் பண்டிகைக்கும் போய்விடும். குழந்தை பிறந்தால் ஐந்தாறு வருடத்துக்கு உங்கள் பை முழுக்கக் குழந்தையின் சாமான்தான். பள்ளியில் சேர்த்தால் மே மாத விடுமுறையை விட்டால் நாள் கிடைக்காது, அந்த மாதம் வட இந்தியாவில் வெயில் கொளுத்தும். இதற்குள் வீட்டுக் கடன் தவணை வந்துவிடும். அப்புறம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் பார்க்க வேண்டிய காலம். என்னிடம் வருகிற குடும்பங்களின் கணக்கில் இந்த வரிசை பெரிதாக மாறுவதே இல்லை. அதில் பெண்களுக்கு இன்னும் இறுக்கம் அதிகம். தன் சம்பளத்திலிருந்து, தன் விருப்பத்துக்கு, யாருக்கும் சமைத்து வைக்காமல் மூன்று வாரம் கிளம்புகிற வாய்ப்பு ஒரு பெண்ணுக்கு எத்தனை முறை வரும்? பல பேருக்கு ஒருமுறைகூட வருவதில்லை. உங்களுக்கு பிப்ரவரியில் வந்திருக்கிறது. இரண்டு வேலைகளுக்கு நடுவே விழுகிற இந்த மாதிரி இடைவெளியை எந்த நிறுவனமும் பிறகு லீவாகக் கொடுக்காது.

நகை விஷயம். நகை வாங்குவது தப்பில்லை, அடுத்த மாதச் சம்பளத்திலிருந்தும் வாங்கலாம், அதற்கடுத்த வருடமும் வாங்கலாம். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

"இந்த வயசுல அவ்ளோ தூரமா" என்ற பயம் நம் மாவட்டத்துக்குப் பொருந்தாத பயம் என்றே எனக்குத் தோன்றும். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கிற ஊர். பதினெட்டு, இருபது வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு காட்பாடியில் ரயில் ஏறிக் காஷ்மீருக்கும் அஸ்ஸாமுக்கும் போன பிள்ளைகள் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக உண்டு. அங்கிருந்து ஓய்வு பெற்று வருகிறவர்கள் சிலர் ஓய்வூதியத்தை எங்கே போடலாம் என்று கேட்டு என்னிடம் வருவார்கள். அவர்களிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மகனுக்கோ மகளுக்கோ புனேயில், குருகிராமில் நல்ல வேலை வந்தால் அவர்கள் கலங்குவதில்லை. "புனேதானே, நல்ல ஊரு, தண்ணி நல்லா இருக்கும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஊரை விட்டே நகராத குடும்பங்களில், மாதம் பத்தாயிரம் கூடுதலாக வருகிற வேலையை "அவ்வளவு தூரம் வேண்டாம்" என்று விட்டுவிட்டு வந்து, கடன் தவணைக்கு வழி கேட்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்குத் திறமை குறைவே இல்லை. ரயிலில் இரண்டு இரவு தூங்கிப் பழகாததுதான் குறை. ஒருமுறை போய் வந்தவர்களுக்குத் தூரம் என்பது டிக்கெட் விலையும் மணிக்கணக்கும்தான். போகாதவர்களுக்கு அது பயம். இந்த வித்தியாசம் சம்பளச் சீட்டில் தெரியும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 23 வயதில் ஒன்றைப் பார்த்தால், பார்த்ததை வைத்து ஏதாவது செய்வதற்கு உங்களுக்கு வருடங்கள் மிச்சம் இருக்கின்றன. 60 வயதில் பார்த்தால் பார்த்ததோடு சரி.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். படிக்க அமெரிக்கா போய்விட்டார். 1890-ல், உடம்பு முடியாமல் இருந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தபோது, கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவது என்பதுதான் அவர் எண்ணம். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்தவர். அங்கே ஒரே இரவில் மூன்று குடும்பத்து ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிகளுக்கு உதவி கேட்டு வந்தார்கள். மருத்துவரான அவருடைய அப்பா வருகிறேன் என்றார். ஆண் மருத்துவர் கூடாது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் திரும்பிப் போய் மருத்துவம் படித்தார், 1899-ல் பட்டம் வாங்கினார், 1900-ல் வேலூரில் சின்னதாக ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை. அந்த இரவை ஒரு அறுபது வயதுக்காரர் பார்த்திருந்தாலும் இதே அளவு வேதனைப்பட்டிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் செலவழித்து மருத்துவராகி வர அவரிடம் வயது இருந்திருக்காது. உங்கள் பயணத்தில் இத்தனை பெரிதாக எதுவும் நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பார்த்தது வளர்வதற்கும் வருடங்கள் வேண்டும், வட்டிக்கு வட்டி மாதிரியே அதையும் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சி.எம்.சி. என்றதும் இன்னொன்று. எதிரே இருக்கும் சந்துகளில் நடந்திருப்பீர்கள். லாட்ஜ் பலகைகளில் வங்காளமும் இந்தியும். மெஸ்ஸில் கடுகெண்ணெய் வாசனையோடு மீன் குழம்பு. மருந்துக் கடைப் பையன் சரளமாக வங்காளம் பேசுவான். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், பீகார், வடகிழக்கு என்று பாதி இந்தியா நம் ஊர்த் தெருவுக்கு வந்து போகிறது. ஆனால் நாம் அவர்களை எந்தக் கோலத்தில் பார்க்கிறோம்? ஸ்கேன் படம் வைத்த பெரிய பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, அடுத்த டோக்கன் எப்போது என்று தெரியாமல், லாட்ஜில் வாடகை அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டு. நோயும் கவலையும் செலவுமாக. அவர்கள் நன்றாக இருக்கும்போது எப்படிச் சிரிப்பார்கள், எப்படி வியாபாரம் பேசுவார்கள், பண்டிகைக்கு எப்படி உடுத்துவார்கள் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் பேச்சு புரியாததால் அவர்களை அவசரக்காரர்கள், சத்தம் போடுகிறவர்கள் என்று நினைத்துவிடுகிறோம். நீங்கள் அந்தப் பக்கம் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தால், வழி கேட்டு நிற்பதும், மொழி தெரியாமல் தவிப்பதும், தெரியாத ஒருவர் கூடவே வந்து பஸ் ஏற்றிவிடுவதும் என்ன என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் காந்தி ரோட்டில் யாராவது ஃபைலோடு வந்து கேட்டால் நீங்கள் நின்று பதில் சொல்வீர்கள்.

உங்கள் தொழிலுக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. ஆக்ராவுக்கு எல்லாரும் தாஜ்மகாலுக்காகப் போகிறார்கள், நீங்களும் பாருங்கள் (வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், கிழமை பார்த்துத் திட்டமிடுங்கள்). ஆனால் ஆக்ரா நம் ஆம்பூர் மாதிரியே காலணி ஊர். ஆம்பூரில் பெரும்பாலும் ஏற்றுமதி ஆர்டர். ஆக்ராவில் உள்நாட்டுச் சந்தைக்கான காலணி ஏராளமாகத் தயாராகிறது, நிறையச் சின்னச் சின்னப் பட்டறைகளில், வீடுகளில். ஹிங் கி மண்டி என்று ஒரு மொத்த வியாபாரச் சந்தை இருக்கிறது. ஒரு காலை அங்கே செலவழியுங்கள். இரண்டரை வருடமாக நீங்கள் பில்லில் எழுதிய சரக்கு வேறொரு ஊரில் எப்படிக் கைமாறுகிறது, கடன் எத்தனை நாள், ஜோடிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டுப் பாருங்கள். அரைகுறை இந்தி போதும், கடைக்காரர்கள் பேசுவார்கள். சென்னையில் புது வேலையில் சேரும்போது, ஆம்பூரும் தெரியும், ஆக்ராவையும் பார்த்திருக்கிறேன் என்று சொல்லக்கூடிய அக்கவுண்ட்ஸ்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இனி பண விஷயம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரியில் உங்களுக்குச் சம்பளம் இல்லை. புது இடத்தின் முதல் சம்பளம் மார்ச் கடைசியில்தான் வரும். அதனால் வீட்டுக்குக் கொடுக்கும் 10,000-த்தைக் கிளம்புவதற்கு முன்பே அப்பா கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் என்ன பேசினாலும் அதைவிட அந்தக் கவர் அதிகம் பேசும். சென்னை விடுதிக்கு அட்வான்ஸ், முதல் மாதச் சாப்பாடு, பஸ் செலவு என்று 20,000 தனியாக எடுத்து வையுங்கள். அப்புறமும் 55,000 நிற்கும். அது அவசரப் பணம், அதைத் தொடக் கூடாது. தம்பியின் கடைசி வருடக் கட்டணத்தில் உங்கள் பங்கு ஏதாவது உண்டா என்று எழுதவில்லை. உண்டென்றால் அது முதலில், பயணம் அதற்குப் பிறகு, வேண்டுமானால் ஒரு ஊரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வேலை மாறுகிறீர்களே என்று பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். ஐந்து வருடத் தொடர் சேவை முடியாமல் எடுத்தால் வரி விழும். வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான அதே யூ.ஏ.என்.-இல் புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டில் பயணம் வேண்டாம். கட்டாமல் விட்ட பாக்கிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுகிற கார்டுகள் இருக்கின்றன. "இப்போது போங்கள், தவணையில் கட்டுங்கள்" என்று வருகிற விளம்பரம் எதுவாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள். கையில் இருக்கிற காசுக்கு எட்டுகிற ஊர்வரை போவதுதான் இந்த வயதின் பயணம்.

35,000 தாராளமாகவே போதும் என்று நினைக்கிறேன். காட்பாடியிலிருந்து ஸ்லீப்பரில் அந்தப் பக்கம் போக ஒருவழிக்கு ஆயிரம் ரூபாய் அளவில்தான் ஆகும். பெங்களூரிலிருந்து பீகாரில் இருக்கும் தானாபூர் போகும் சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் காட்பாடி வழியாகப் போகிறது. இரண்டு இரவு. தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பில், அதாவது பழைய முகல்சராயில், இறங்கினால் காசி பக்கம். டெல்லியிலிருந்து திரும்பி வர கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடி வழியாக வருகிறது. காசியில் தங்க நம் ஊர்க்காரர்களுக்கு நகரத்தார் சத்திரம் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அமிர்தசரஸ் பொற்கோவிலில் எந்த நேரமும் எல்லாருக்கும் சாப்பாடு, காசு கிடையாது. அங்கே சாப்பிட்டு எழுந்ததும் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். போகிறவர்கள் எல்லாருமே செய்யலாம்.

அப்பாவுக்குப் பாதுகாப்பு பற்றிய கவலை இருக்கும். அதை அலட்சியம் செய்யாமல் பதில் சொல்லுங்கள். நீண்ட தூர ரயில்களில் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று தனி ஒதுக்கீட்டு பெர்த்துகள் உண்டு, தனியாகவோ பெண்கள் மட்டுமாகவோ போகிறவர்களுக்கு. பதிவு செய்யும்போது அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். தனியாகப் போகும் பெண்களுக்காக ரயில்வே பாதுகாப்புப் படையின் 'மேரி சஹேலி' ஏற்பாடு 2020-லிருந்து இருக்கிறது. ரயிலில் 139, மற்றபடி 112, பெண்களுக்கான உதவிக்கு 181. இந்த எண்களை அப்பாவும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். எந்த ஊருக்கும் இருட்டிய பிறகு போய் இறங்காதபடி ரயிலைத் தேர்ந்தெடுங்கள். தங்கும் இடம், ரயில் எண், தோழியின் வீட்டு எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவிட்டுப் போங்கள். டிக்கெட் எடுக்கும்போதே வருகிற பயணக் காப்பீட்டுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது, அதை வேண்டாம் என்று விடாதீர்கள்.

"பொண்ணு ஊர் சுத்திக்கினு இருந்தா எவன் வீட்ல எடுப்பான்" என்று சொந்தத்தில் யாராவது சொல்வார்கள். அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் உங்கள் பக்கம் நின்றால் போதும், அவர்களிடம் மட்டும் பேசுங்கள்.

அம்மாவைப் பற்றி ஒன்று. உங்களுக்கு 23 என்றால் அவருக்கு 45-ஐ ஒட்டித்தான் இருக்கும். அவரும் இன்னும் படி ஏறக்கூடியவர்தான். "கல்யாணத்துக்கு அப்புறம் போய்க்கலாம்" என்று அவருக்கும் ஒருவர் சொல்லியிருப்பார். அவர் அதற்கப்புறம் எங்கே போனார் என்று கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் திருப்பதி, வேளாங்கண்ணி, ஒரு கல்யாணத்துக்குப் பெங்களூர் என்று பதில் வரும். புது வேலையின் சம்பளத்திலிருந்து மாதம் 1,500 தனியாக ஒதுக்கினால் அடுத்த பிப்ரவரிக்குள் 16,500 சேரும். அம்மாவோடு நான்கு நாள் ஹம்பிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போக அது போதும். இதை வாக்குறுதியாகச் சொல்லாமல், எந்த ஊர் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி எழுதி வையுங்கள்.

ரயில் பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பழையபடி 120 நாள் இல்லை. பிப்ரவரி 5-ம் தேதி கிளம்புவதாக இருந்தால் டிசம்பர் 7-ம் தேதி காலை 8 மணிக்கு டிக்கெட் போட உட்காருங்கள். திரும்பும் டிக்கெட்டையும் அதற்குரிய நாளில் மறக்காமல் போட்டுவிடுங்கள், மார்ச் முதல் வாரத்துக்கு நான்கு நாளாவது முன்னால் வீடு வந்து சேர்கிற மாதிரி.